இன்னார் பெண்சாதி, வயது 60

மூன்று வருஷம் முன்பு ஆடி அமாவாசைக்கு அப்பாவைப் பூம்புகாருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கடற்கரை முழுக்க வரிசை வரிசையாக உட்கார்ந்து தர்ப்பணம் கொடுக்கிற கூட்டம். அய்யர் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா என்று ஆண் வரிசையில் மூன்று தலைமுறையையும் அப்பா தடங்கல் இல்லாமல் சொன்னார். பெண் வரிசையில் தன் அம்மா பெயரைச் சொன்னார். அடுத்து "பாட்டி பேர்?" என்றதும் கையில் எள்ளும் தண்ணீருமாக அப்படியே இருந்துவிட்டார்.

"அப்பாயின்னுதான் கூப்பிடுவோம்."

"பரவால்ல, அப்பாயின்னே சொல்லிக்குங்கோ." அய்யர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது அப்பா, "எழுபது வயசுக்கு மேல ஆயிடுச்சு, எங்கப்பாவப் பெத்தவ பேரு எனக்குத் தெரியலையே" என்று இரண்டு தடவை சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் தேட ஆரம்பித்தேன். ஒன்றரை வருஷம் ஆனது. எப்படித் தேடினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த மாதிரி ஒரு பெயரைத் தொலைக்காத வீடு நம் ஊரில் ரொம்பக் குறைவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் ஆட்கள் பெயர் வரிசையில் இருக்க மாட்டார்கள். ஊர் வாரியாக, வருஷ வாரியாக, தகவல் வந்து சேர்ந்த வரிசையில்தான் இருப்பார்கள். "எங்க தாத்தா பேர் இது, எடுத்துக் குடுங்க" என்று போய் நின்றால் யாராலும் எடுத்துத் தர முடியாது. எந்தக் கிராமம், எந்த வருஷம், முடிந்தால் எந்த மாதம், இவ்வளவும் கையில் இருந்தால்தான் புத்தகமே அலமாரியை விட்டு வெளியே வரும். அதனால் இந்த வேலையில் முக்கால்வாசி அலுவலகத்தில் நடப்பதில்லை, வீட்டில் நடக்கிறது. பரணில், டிரங்குப் பெட்டியில், வயதான அத்தைமார் பேச்சில்.

எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட ஆள் பாப்பா அத்தை. அப்பாவுக்கு அக்கா, 1946-இல் பிறந்தவர். அப்பாயி எப்போது செத்தார் என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை. "பெரிய புயல் அடிச்சிச்சே, அதுக்கப்புறம் வந்த தைல." சரி, எந்தப் புயல்? பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இது சுலபமான கேள்வி இல்லை. 1952 நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் அடித்தது ஒன்று. மூன்றே வருஷத்தில், 1955-இல், ஏறக்குறைய அதே தேதி வாக்கில் ராஜாமடம் பக்கம் கரையேறியது இன்னொன்று. இரண்டும் கார்த்திகை மாதம். தென்னை விழுந்தது, மாடு செத்தது என்று அத்தை சொன்ன அடையாளம் எல்லாம் இரண்டுக்கும் பொருந்தியது. கடைசியில் என் சித்தப்பாதான் முடிச்சை அவிழ்த்தார், அவருக்கே தெரியாமல். அவர் 1954-இல் பிறந்தவர். "இவன் மூஞ்சியப் பாக்காமலே போயிட்டா கெழவி" என்று பாட்டி அவரைப் பற்றி அடிக்கடி சொல்வாராம். அப்படியென்றால் முதல் புயல்தான். நந்தன வருஷத்துத் தை, ஆங்கிலக் கணக்கில் 1953 ஜனவரி, பிப்ரவரி.

இந்த வருஷப் பெயர்க் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஜாதகம், பத்திரிகை, வீட்டு உத்திரத்தில் செதுக்கியது, செம்புப் பாத்திரத்தில் வெட்டியது, எல்லாவற்றிலும் பிரபவ, விபவ என்றுதான் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒரு சுற்று. 1927-இல் பிரபவ, 1987-இல் மறுபடி பிரபவ. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வது 1876-இல் தொடங்கிய பஞ்சம். 1936-உம் தாது வருஷம்தான். ஆள் எந்தச் சுற்றில் வருகிறார் என்று மட்டும் நிதானித்துவிட்டால் வருஷம் விழுந்துவிடும். ஆனால் தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது என்பதால் மார்கழி பாதிக்கு மேலும் தை, மாசி, பங்குனியும் அடுத்த ஆங்கில வருஷத்தில் போய் விழும். இதை மறந்தால் தப்பான வருஷத்துப் புத்தகத்தைக் கேட்டுவிட்டு, "பதிவு இல்லை" என்ற பதிலோடு வீட்டுக்கு வருவோம். இன்னொன்று, ஜாதகத்தில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. நடுராத்திரிக்கு மேல் விடிவதற்குள் பிறந்த குழந்தைக்கு ஜாதகத்தில் ஒரு தேதி, ஆங்கில நாட்காட்டியில் அடுத்த தேதி. இரண்டும் சரியான தேதிதான்.

பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிற பிறந்த தேதியை மட்டும் நம்பிப் போக வேண்டாம். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வைத்துப் பையனைச் சேர்த்துக்கொண்ட காலம் அது. ஐந்து வயது முடிகிற மாதிரி வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்களாகவே ஒரு தலைமுறை முழுக்க இருப்பது அதனால்தான்.

திதி கொடுக்கிற வீடுகளுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. வருஷா வருஷம் திவசம் எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்பது மட்டும் தலைமுறை தாண்டியும் மறக்காமல் வந்திருக்கும். வருஷம் உத்தேசமாகத் தெரிந்தால் போதும், பழைய பஞ்சாங்கத்தை வைத்துத் தேதியையே பிடித்துவிடலாம். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் தாத்தா காலத்தோடு விட்டுப்போனது.

இனி அலுவலகம். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கென்று தனிச் சட்டம் 1899-இல் வந்தது. அதற்கு முன்பே 1886-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் உண்டு, அது விருப்பப்பட்டவர்கள் பதிந்துகொள்கிற ஏற்பாடு. இப்போது நடப்பில் இருப்பது 1969-ஆம் வருஷத்துச் சட்டம். கிராமத்தில் அந்தக் காலத்தில் எழுதியவர்கள் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும். எங்கள் பக்கம் பட்டாமணியம் என்பார்கள். 1980-இல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர். இன்றைக்கு கிராமத்தில் அவர்தான் பதிவாளர். பழைய புத்தகங்கள் அவரிடம் இருக்காது, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். ஊர் அப்போதே நகராட்சியாக இருந்திருந்தால் நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் கேட்க வேண்டும். சமீப காலத்துப் பதிவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. நமக்கு வேண்டிய காலம் புத்தகத்தில்தான் இருக்கிறது. பதிவுத்துறையின் இணையதளத்தில் நகலுக்கு விண்ணப்பம் போடலாம், ஆனால் தொண்ணூறு, நூறு வருஷப் பழசுக்கு நேரில் போவதே மேல் என்பது என் அனுபவம்.

"எதுக்கு வேணும்?" என்றுதான் முதல் கேள்வி வரும். வாரிசுச் சான்றா, பாஸ்போர்ட்டா, சொத்து வழக்கா? குடும்ப வரலாறு எழுதுகிறேன் என்றால் அவர்களுக்கு அதை எந்தக் கட்டில் சேர்ப்பது என்று தெரியாது. சட்டத்தின் 17-ஆம் பிரிவு, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம், நகல் கேட்கலாம் என்கிறது. இறப்புக்கான காரணத்தை மட்டும் நகலில் தரமாட்டார்கள், அதையும் அதே பிரிவுதான் சொல்கிறது. விண்ணப்பத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன். தேடிப் பார்த்து இல்லையென்றால் இல்லை என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த ஊரில், எந்த வருஷத்தில் இல்லை என்பது தெரிந்தால் அடுத்த தடவை அங்கே போய் நிற்க வேண்டாம்.

நான் போன அலுவலகத்தில் முதல் இரண்டு நடை வீண். மூன்றாவது நடையில் ஆவண அறையைப் பார்க்கிற ஒரு அம்மா, பொறுமையாக 1953 புத்தகத்தை எடுத்து மேசைக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு புரட்டினார். முதுகில் நூல் பிரிந்து தொங்கியது. தாள் ஓரமெல்லாம் பழுப்பேறி, விரல் பட்டால் உதிர்கிற நிலை. அவர் பக்கத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து அடியிலிருந்து தூக்கித்தான் புரட்டினார். ஓரத்தைத் தொடவே இல்லை. மை கறுப்பாக இல்லாமல் காவி நிறத்துக்கு வந்திருந்தது. எண்களில் பாதி தமிழ் எண்கள். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்ற குறிகள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா எல்லாம் கொம்பும் சுழியுமாக. இதையெல்லாம் படித்துப் பழகாமல் போனால், நம் பாட்டன் பெயர் கண் முன்னால் இருந்தாலும் தெரியாது. பழைய பத்திரம் ஏதாவது வீட்டில் இருந்தால் நான்கு நாள் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். குறிப்பாக ௸ என்ற குறியைப் பழகிக்கொள்ளுங்கள். மேற்படி என்று அர்த்தம். ஒரே நாளில் இரண்டு சாவு என்றால் இரண்டாவது வரியில் ஊர், ஜாதி, காரணம் எல்லாமே ௸ ௸ ௸ என்று இறங்கிக்கொண்டே போகும். மேலே ஏறிப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

தையில் பதினொரு சாவு. ஆறாவது வரியில் அந்த அம்மாவின் விரல் நின்றது. என் கொள்ளுத்தாத்தா பெயர், அதற்குப் பக்கத்தில் 'பெண்சாதி'. வயது 60. காய்ச்சல். அவ்வளவுதான். அவர் பெயர் இல்லை.

எழுதியவர் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்ச நாளில் தணிந்தது. அவர் அந்த ஊர்க்காரர். ஊரில் எல்லோரையும் அவருக்கு முகம் தெரியும், இன்னார் பெண்சாதி என்றால் யார் என்று தெரியும், அதனால் பெயர் எழுத வேண்டிய அவசியமே அவருக்குத் தோன்றவில்லை. அதே பக்கத்தில் இன்னும் மூன்று பெண்கள் அப்படித்தான் இருந்தார்கள். ஆண்கள் ஒருவர் விடாமல் பெயரோடு இருந்தார்கள். ஆறு பிள்ளை பெற்று அறுபது வயது வாழ்ந்த ஒருத்திக்கு, அரசாங்கக் காகிதத்தில் கிடைத்த கடைசி வரி அது.

புத்தகத்தை மூடும்போது அந்த அம்மா சொன்னார்: "பொம்பளைங்க பேர் வேணும்னா சாவுல தேடாதீங்க சார். புள்ள பொறந்ததுல தேடுங்க. அதுல அம்மா பேருக்குன்னு தனியா கட்டம் உண்டு."

எனக்கு இந்த ஒன்றரை வருஷத்தில் கிடைத்த ஒரே பெரிய பாடம் இந்த வாக்கியம்தான். பெண்ணைத் தேடுகிறவர்கள் அவளுடைய பிள்ளைகளைத் தேட வேண்டும்.

தாத்தா தலைச்சன். ஜாதகத்தில் துந்துபி வருஷம் ஐப்பசி என்று இருக்கிறது, அதாவது 1922. ஆனால் எங்கள் ஊரில் 1922, 1923 இரண்டு வருஷமும் பார்த்தும் அவர் இல்லை. இருக்க முடியாது என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? எந்த ஊரில் குழந்தை பிறந்ததோ அந்த ஊர்ப் புத்தகத்தில்தான் பதிவாகும், அப்பன் ஊரில் இல்லை. அப்பாயியின் பிறந்த வீடு எந்த ஊர்? அதுவும் யாருக்கும் தெரியவில்லை. பெயர் போனதோடு ஊரும் போய்விட்டிருந்தது.

ஊரைத் திருப்பிக் கொடுத்தது ஒரு மொய் நோட்டு.

நம்மில் திருமணப் பதிவு என்று ஒன்று பழைய காலத்துக்குத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009-இல்தான் வந்தது. கிறிஸ்தவர்களுக்கு ஆலயத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் புத்தகம் இருக்கும். தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு காலத்திலிருந்தே சீர்திருத்தச் சபைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். முஸ்லிம்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு உண்டு. எங்களைப் போன்ற வீடுகளுக்கு இருப்பது கல்யாணப் பத்திரிகையும் மொய் நோட்டும். கல்யாண வீட்டில் மொய் எழுதியவர்களை யாரும் ஆவணக்காரர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நாள், இடம், வந்தவர் பெயர், அவர் ஊர், உறவு, கொடுத்தது எல்லாவற்றையும் சாட்சியோடு எழுதிய பதிவு வேறு எது இருக்கிறது? திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதவே மாட்டார்கள்.

தாத்தா கல்யாணத்து நோட்டு அத்தை வீட்டுப் பெட்டியில், பட்டுப் புடவைக்கு அடியில் இருந்தது. நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கறை. மேலே பிள்ளையார் சுழி, தாரண ௵ வைகாசி ௴, 1944. முதல் வரி வழக்கப்படி தாய்மாமனுக்கு. மாமன் பெயர், ஊர், வேட்டி, மோதிரம். தாத்தாவுக்குத் தாய்மாமன் என்றால் அப்பாயியின் கூடப்பிறந்தவர். அவர் ஊர்தான் அவளுடைய ஊர்.

அந்த ஊர்ப் பெயரில் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மூன்று ஊர் இருந்தது. இந்த இடத்தில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நாம் வாயால் சொல்வது குக்கிராமத்தின் பெயர், பதிவேடு வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். மாவட்டமும் அப்படியே நிற்கவில்லை. 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. கன்னியாகுமரிக்காரர்கள் என்றால் 1949 வரை திருவிதாங்கூர், அதற்குப் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி என்று தேட வேண்டும், புதுக்கோட்டைக்காரர்கள் 1948 வரை தனி சமஸ்தானம் என்று. பழைய வரைபடத்தையும் சார்பதிவாளர் எல்லைகளையும் வைத்து, மாட்டு வண்டியில் ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்த ஊரை முதலில் எடுத்துக்கொண்டேன். அதுவே சரியாக இருந்தது. அந்த ஊர் இன்னும் கொஞ்சம் கிழக்கே, காரைக்கால் எல்லைக்குள் இருந்திருந்தால் பிரெஞ்சுக்காரர்களின் பதிவேட்டில் அவர் இருந்திருப்பார். அங்கே கல்யாணமான பெண்ணையும் அவள் சொந்தப் பெயரில்தான் எழுதுவார்கள். பிரெஞ்சிந்தியாவின் பழைய பதிவேடுகளைப் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக் காப்பகம் இணையத்திலேயே வைத்திருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் வேர் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் பாருங்கள்.

இரண்டாவது அலுவலகத்தில் 1922 புத்தகத்தின் முன்பாதி செல்லரித்துப் போயிருந்தது. ஐப்பசி தப்பித்திருந்தது. குழந்தையின் பெயர்க் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைச் சொல்லிவிடுவதால் பெரும்பாலும் அப்படித்தான், அதனால் குழந்தை பெயரை வைத்துத் தேடாமல் அப்பன் பெயரை வைத்துத் தேடுங்கள். ஆண். தகப்பன் என் கொள்ளுத்தாத்தா, ஊர் எங்கள் ஊர். ஜாதகத்துக்கும் பதிவேட்டுக்கும் ஒரு நாள் வித்தியாசம், தாத்தா விடியற்காலையில் பிறந்தவர். அதற்கு அடுத்த கட்டத்தில் தாயார் பெயர், மூன்றே எழுத்தில், தெளிவாக.

அதைப் படித்ததும் என் கை நடுங்கியது. அது எனக்குத் தெரிந்த பெயர். வாக்காளர் அட்டையிலும் ரேஷன் கார்டிலும் நானே பலமுறை எழுதிக் கொடுத்த பெயர். பாப்பா அத்தையின் பெயர்.

அதை இங்கே நான் எழுதவில்லை, அந்தப் பெயரோடு ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதால். ஒரு மரத்தின் பெயர் என்று மட்டும் சொல்கிறேன், மாரியம்மனுக்கு உகந்த மரம். அம்மை போட்டபோது வேண்டிக்கொண்டு வைத்த பெயர் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம், அத்தையும் அப்படித்தான் நினைத்திருந்தார். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நம் வழக்கம், மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லாமல் இருப்பதும் நம் வழக்கம். இரண்டும் சேர்ந்த இடத்தில் பெயர் இருந்தும் யாரும் கூப்பிடாத ஒரு குழந்தை வளர்ந்திருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது பாப்பா, சின்னப்பொண்ணு, ராசாத்தி என்று மட்டுமே அழைக்கப்படுகிறவர் இருந்தால், அலுவலகத்துக்குப் போகும் முன் அவருடைய சான்றிதழ்ப் பெயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நகலை எடுத்துக்கொண்டு நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். அவருக்குக் கண் சரியில்லை, நான்தான் படித்துக் காட்டினேன். தாயார் என்று சொல்லி அந்தப் பெயரைச் சொன்னதும், இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். கொஞ்ச நேரம் தாளைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கம்மா சாவுற வரைக்கும் ஒரு நாள் கூட என்னப் பேர் சொல்லிக் கூப்புட்டதில்லடா."